ஓபேர் வேலைக்கு "டூரிஸ்ட் விசாவில் வா, இங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள், நம்பிப் போகலாமா?

வெண்மேகம்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்கு 26 வயது, இன்னும் ஐந்து மாதத்தில் 27 முடிகிறது. மழலையர் பள்ளியில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு வருடம் வெளிநாட்டில் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அந்த நாட்டு மொழியையும் கற்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. இப்படிப் போகிறவரைத்தான் ஓபேர் என்கிறார்கள். குடும்பங்களையும் ஓபேர்களையும் சேர்த்துவைக்கும் ஒரு தளத்தில் பதிந்தேன். இரண்டே வாரத்தில் இரண்டு குடும்பங்கள் பேசிவிட்டார்கள்.

முதல் குடும்பம் லண்டனில். இரட்டைக் குழந்தைகள், மாதம் 1,800 பவுண்டு தருகிறோம் என்கிறார்கள். "ஓபேர் விசா" ஸ்பான்சர் செய்வதும் அவர்களேதானாம். அவர்களுடைய வக்கீலுக்கு நான் 450 பவுண்டு அனுப்பினால் பத்து நாளில் விசா கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். வீடியோவில் பேசலாமா என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் கேமரா பழுது.

இரண்டாவது குடும்பம் ஜெர்மனியில், ஹனோவர் பக்கம். இவர்களோடு மூன்று முறை வீடியோவில் பேசிவிட்டேன். ஐந்து வயதுப் பையன், இரண்டு வயதுப் பெண். பையன் முன்பல் விழுந்த இடத்தைக் கேமராவுக்கு ஒட்டி வந்து வாயைத் திறந்து காட்டினான். மனதுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த அம்மா, "முறையான விசாவுக்கு நாள் ஆகும், நீ டூரிஸ்ட் விசாவில் வந்துவிடு, இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம், போன வருடம் இருந்த பெண் அப்படித்தான் செய்தாள்" என்கிறார்.

வயது வேறு ஓடிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யட்டும்?

கடல்தாண்டி

வெண்மேகம், முதலில் அந்த லண்டன் ஆட்களுக்கு ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். பேச்சை இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

பிரிட்டனில் ஓபேர் விசா என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, 2008ல் எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்து இளைஞர்கள் விசா இல்லாமல் போய் ஓபேராக இருந்தார்கள். 2021 தொடக்கத்தோடு அந்த வழியும் அடைபட்டது. இப்போது அங்கே ஓபேராக இருக்க வேண்டுமானால், வேலை செய்யும் உரிமை தருகிற வேறொரு விசா உங்கள் கையில் இருக்க வேண்டும். இளைஞர்கள் சில காலம் தங்கி வேலை செய்வதற்கான யூத் மொபிலிட்டி விசா அப்படி ஒன்று. ஆனால் அது உங்கள் பாஸ்போர்ட் எந்த நாடு, உங்கள் வயது என்ன என்பதைப் பொறுத்து நீங்களே விண்ணப்பிப்பது. குடும்பம் ஸ்பான்சர் செய்கிற விஷயமே இல்லை. அதனால் "ஓபேர் விசா ஸ்பான்சர்" என்ற இரண்டு சொல்லிலேயே பொய் வெளியே வந்துவிட்டது.

ஜெர்மனிக் குடும்பம் வேறு கதை. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, விதி தெரியாமல் பேசுகிறார்கள். போன வருடம் வந்த பெண் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருந்தாள் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

நான் ஜெர்மனியில் ஒரு வருடம் ஓபேராக இருந்தவள்.

வெண்மேகம்

கேட்டேன் அக்கா. கனடா.

கோப்புக்காரர்

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துவிட்டது. குடியேற்றக் கோப்புகளோடு பல வருடம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், தென்கொரியா, இஸ்ரேல், பிரிட்டன் ஆகிய நாடுகளின் குடிமக்கள் விசா இல்லாமல் ஜெர்மனிக்குள் போய், அங்கிருந்தபடியே வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மன் விதியிலேயே இருக்கும் சலுகை இது. அந்தக் கனடாப் பெண் செய்தது முழுக்கச் சட்டப்படியானது. அதைப் பார்த்து அந்த அம்மா எல்லோருக்கும் இப்படித்தான் என்று நினைத்துவிட்டார்.

மற்ற நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே தூதரகத்தில் தேசிய விசா வாங்க வேண்டும். அதை டி விசா என்பார்கள், கட்டணம் 75 யூரோ. டூரிஸ்ட் விசா என்பது ஷெங்கன் சி விசா, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான குறுகியகால விசா. 180 நாளில் 90 நாள் தங்கலாம், வேலை செய்ய முடியாது. எந்தக் காரியத்துக்காக வருகிறோமோ அதற்கு உரிய விசாவோடு நுழைந்திருக்க வேண்டும் என்பதுதான் அங்கே அடிப்படை விதி. சி விசாவில் போய் ஓபேர் அனுமதி கேட்டால், திரும்பிப் போய் முறையாக விண்ணப்பித்து வா என்றுதான் பதில் வரும்.

இன்னொன்று. டூரிஸ்ட் விசா கேட்கும்போது சுற்றிப்பார்க்கப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அது தெரிந்தே சொன்ன பொய்யாகக் கோப்பில் நிற்கும். ஷெங்கன் நாடுகள் விசா விவரங்களைப் பொதுவான ஒரு தரவுத்தளத்தில் வைத்திருக்கின்றன. அங்கே நின்றுவிட்டால் அடுத்து எந்த ஷெங்கன் நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் கண்ணில் படும்.

நீரோடை

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். என் நண்பனுடைய தங்கை டூரிஸ்ட் விசாவில்தான் போனாள், ஒரு வீட்டில் மூன்று மாதம் குழந்தை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தூதரகத்தில் நேரம் கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. வயது வரம்பு நெருங்குகிறவர்களுக்கு வேறு என்னதான் வழி? விதி எழுதியவர்களுக்கு நம்முடைய அவசரம் தெரியாது.

செம்பருத்தி24

நீரோடை அண்ணா, உங்கள் நண்பனின் தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். எனக்கு ஆனதைச் சொல்கிறேன்.

21 வயதில் நானும் அப்படித்தான் போனேன். நாட்டின் பெயர் வேண்டாம். மூன்று குழந்தைகள், பெரிய வீடு. ஏழாவது வாரம், சலவைத்துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது காலிடறி விழுந்தேன். இடது மணிக்கட்டு வீங்கி, விரலை மடக்க முடியவில்லை. அந்த வீட்டு அம்மா ஐஸ் வைத்தார், மாத்திரை கொடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டேன். அவர் என் கையைப் பார்க்கவில்லை, தன் கணவர் முகத்தைப் பார்த்தார். "அங்கே நீ யார், இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்பார்கள்" என்றார் அவர். இரண்டு நாள் கழித்து நானே பேருந்து பிடித்துப் போனேன். எலும்பு முறிவு. என்னிடம் இருந்தது பயணக் காப்பீடு. எப்படி அடிபட்டது என்று படிவத்தில் கேட்டிருந்தது. வேலையில் என்று எழுதினால் பணமும் கிடைக்காது, நானும் மாட்டிக்கொள்வேன். விடுதி மாடிப்படியில் என்று எழுதினேன். அந்தப் பொய்யை எழுதிய கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. கட்டோடு ஊர் திரும்பினேன். கடைசி மாதப் பணம் வரவே இல்லை. யாரிடம் போய்க் கேட்பது?

அவர்கள் கெட்டவர்கள் என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் நான் அந்த நாட்டில் வேலை செய்ததாக ஒரு துண்டுத்தாளில்கூட இல்லை. தாளில் இல்லாதவளுக்கு யாரும் பொறுப்பு இல்லை.

நீரோடை

இதை நான் யோசிக்கவில்லை, மன்னியுங்கள். காப்பீடு, சம்பளம் என்று இத்தனையும் அந்த விசாவோடு கட்டுண்டிருக்கும் என்று தெரியாது.

கடல்தாண்டி

செம்பருத்தி, எழுதியதற்கு நன்றி தங்கச்சி. இதை எழுதுவது சுலபமில்லை என்று தெரியும்.

ஓபேர் விசா என்பது எல்லைக்கு உள்ளே விடுகிற முத்திரை என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதோடு சேர்ந்து வருகிற ஒப்பந்தம்தான் உண்மையான பாதுகாப்பு. ஜெர்மனியில் எனக்கு இருந்தவற்றைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சாயங்காலம் பெற்றோர் வெளியே போகும்போது குழந்தைகளோடு இருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை, மாதத்தில் ஒரு ஞாயிறாவது முழுதாக. வருடம் முழுக்க இருந்தால் நான்கு வார ஓய்வு, அந்த நாட்களுக்கும் கைச்செலவுப் பணம் உண்டு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ, மொழி வகுப்புக்கு மாதம் 70 யூரோ. தனி அறை, சாப்பாடு. நோய்க்கும் விபத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் காப்பீடு குடும்பத்தின் செலவு. விமானக் கட்டணம் மட்டும் நம்முடையது.

வெண்மேகம், அந்த லண்டன் 1,800 பவுண்டோடு இந்த 280 யூரோவை ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். ஜெர்மன் சட்டத்தில் ஓபேர் ஊழியர் இல்லை. பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கு வந்த குடும்ப உறுப்பினர் மாதிரி. அதனால்தான் பெயர் "கைச்செலவு". இது நியாயமா என்று கேட்டால் எனக்கும் கேள்விகள் உண்டு. ஆனால் போகிறவர்கள் கணக்குத் தெரிந்து போக வேண்டும்.

வெண்மேகம்

செம்பருத்தி, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. நன்றி.

டூரிஸ்ட் விசா யோசனையை விட்டுவிட்டேன். லண்டன் ஆட்களிடம், "பிரிட்டனில் ஓபேர் விசா கிடையாதே" என்று ஒரே வரி எழுதினேன். உடனே, "இது வீட்டுப் பணியாளர் விசா, அதுவும் நம் வக்கீல் எடுத்துத் தருவார்" என்கிறார்கள்.

கோப்புக்காரர்

அந்த விசா நிஜமாகவே இருக்கிறது. ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. பிரிட்டனுக்கு வெளியே ஒரு முதலாளியிடம் குறைந்தது ஒரு வருடம் ஏற்கெனவே வேலை பார்த்தவர், அந்த முதலாளியோடு சேர்ந்து போவதற்கான விசா அது. ஆறு மாதம்தான் செல்லும். முகமே காட்டாத ஒரு குடும்பத்துக்காக அதை எடுக்க வழியில்லை.

பொய்யை மாற்றி மாற்றிச் சொல்வார்கள். விதியோடு ஒத்துப்பார்த்தால் ஒவ்வொன்றும் உடையும். இதே ஆட்கள் நாளைக்கு அமெரிக்கக் குடும்பமாக வந்து, "ஜே-1 விசா நாங்களே நேரடியாக ஏற்பாடு செய்கிறோம்" என்பார்கள். ஜே-1 என்பது ஓபேர்களுக்கு அமெரிக்கா தருகிற பரிமாற்ற விசா. அங்கே குடும்பமே நேரடியாக ஓபேரை வரவழைக்க வழி கிடையாது. வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் நிறுவனங்கள் வழியாக மட்டுமே. அந்தப் பட்டியலைத் துறை தன் தளத்திலேயே போட்டிருக்கிறது. நெதர்லாந்திலும் அப்படித்தான். குடியேற்றத் துறை அங்கீகரித்த ஏஜென்சிதான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஊதாப்பூ

அமெரிக்கா பேச்சு வந்ததால் நானும் வருகிறேன். இரண்டு வருடம் ஜே-1ல் இருந்தேன்.

வயது 18 முதல் 26 வரை. வெண்மேகத்துக்கு இதுவும் விளிம்புதான். வாரத்துக்கு 45 மணி நேரம் வரை, ஒரு நாளைக்கு 10 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், ஐரோப்பாவைவிட அதிகம். வாரத்துக்குக் குறைந்தது 195 டாலர் 75 சென்ட். இந்த விசித்திரமான தொகை எப்படி வந்தது என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மத்தியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர், அதை 45 ஆல் பெருக்கினால் 326.25. தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று அதில் நாற்பது சதவீதம் கழித்தால் 195.75. மாநிலச் சட்டம் இதைவிட அதிகம் தரச் சொல்கிற இடமும் உண்டு. மாசசூசெட்ஸில் ஓபேருக்கும் மாநிலக் குறைந்தபட்ச ஊதியம் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே வருடம் டென்வரில், ஊதியத்தைக் குறைத்து வைத்ததாக ஸ்பான்சர் நிறுவனங்கள் மேல் ஓபேர்கள் போட்டிருந்த வழக்கு 6 கோடியே 55 லட்சம் டாலருக்குச் சமரசமானது. வழக்குப் போட்டவர்கள் நம்மைப் போன்ற பெண்கள்தான்.

குழந்தையின் வயதையும் பாருங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தை இருந்தால், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அனுபவம் 200 மணி நேரமாவது உங்களுக்கு இருப்பதாகத் தாளில் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தையோடு உங்களைத் தனியாக விடவே கூடாது. படிப்பும் கட்டாயம். வருடத்துக்கு ஆறு கிரெடிட் மணி நேரமாவது (பாடத்தின் அளவைச் சொல்லும் கல்லூரிக் கணக்கு அது) கல்லூரியில் படிக்க வேண்டும், அதற்குக் குடும்பம் 500 டாலர் வரை தரும்.

ஸ்பான்சரிடமிருந்து டிஎஸ்-2019 என்ற தகுதிச் சான்றுத் தாள் வந்த பிறகுதான் நேர்காணலுக்கே போக முடியும். அங்கே அவர்கள் தெரிந்துகொள்ள நினைப்பது ஒன்றே ஒன்று, முடிந்ததும் திரும்பி வருவீர்களா என்பது. நான் மனப்பாடம் செய்துகொண்டு போன எதையும் அந்த அதிகாரி கேட்கவில்லை. "குழந்தை அழுகையை நிறுத்தவே இல்லை என்றால் என்ன செய்வாய்?" என்றார். எங்கள் அக்கா மகனை வைத்துக்கொண்டு பட்ட பாட்டைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்துவைத்துக்கொண்டார். 2025 ஜூனிலிருந்து ஜே விசாக்காரர்கள் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்துவைக்கச் சொல்கிறார்கள், அதையும் நினைவில் வையுங்கள்.

எனக்கு முதல் குடும்பம் சரிவரவில்லை. 45 மணி நேரம் என்பது 55, 60 என்று ஏறியது. ஒவ்வொரு ஓபேருக்கும் ஒரு மணி நேர கார் தூரத்துக்குள் ஸ்பான்சரின் ஆள் ஒருவர் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது பேச வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் அவரிடம் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். நான்காவது மாதம் சொன்னேன். இரண்டு வாரத்தில் வேறு குடும்பம் கிடைத்தது. விசா அந்தக் குடும்பத்தோடு கட்டப்பட்டது இல்லை, ஸ்பான்சரோடு கட்டப்பட்டது. இது முன்பே மனதில் பதிந்திருந்தால் அந்த மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

கடல்தாண்டி

ஊதாப்பூ, நீங்கள் சொன்ன அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஜெர்மனியிலும் குடும்பம் மாற முடியும், வெளிநாட்டவர் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு மாற வேண்டும். ஆனால் மொத்தம் 12 மாதம்தான், புதுக் குடும்பம் வந்ததும் கணக்கு முதலிலிருந்து தொடங்காது. ஓபேராக ஒரு முறைதான் போக முடியும். ஏழு மாதத்தில் திரும்பி வந்தவர், மிச்சம் ஐந்து மாதம் இருக்கிறதே என்று மறுபடி போக முடியாது.

நான் குடும்பம் மாறவில்லை. ஒரு நோட்டு என்னைக் காப்பாற்றியது. கோடு போட்ட சின்ன நோட்டு, சமையலறை அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்திருந்தேன். "7.00–8.30, பள்ளிக்குக் கிளப்பியது. 15.00–18.30, விளையாட்டு, குளியல். 19.30–22.00, பெற்றோர் வெளியே." இப்படி. அந்த ஒரு நாள் மட்டும் ஏழரை மணி நேரம். இரண்டாவது மாதம் அந்த அம்மாவிடம் பக்கங்களைப் புரட்டிக் காட்டினேன். சண்டை வரும் என்று வயிற்றைக் கலக்கியது. அவர் விரலால் வரி வரியாகக் கூட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி நேரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை" என்றார். அடுத்த வாரத்திலிருந்து வெளியே போகிற நாட்களில் மத்தியானம் அவரே வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவார்.

தூரிகை

ஒரு சந்தேகம். என் சித்தி ஜெர்மனியில் குடியிருக்கிறார், கைக்குழந்தை. ஓபேர் என்று போட்டு நான் அவர் வீட்டுக்கே போய்விட முடியுமா?

கோப்புக்காரர்

முடியாது தூரிகை. உறவினர் வீட்டுக்கு ஓபேராகப் போக அனுமதி தர மாட்டார்கள். உறவே இல்லாவிட்டாலும் ஒரு தடை இருக்கிறது. அந்த வீட்டில் ஜெர்மன் தாய்மொழியாகப் பேசப்பட வேண்டும். தாய்மொழி வேறாக இருந்து, வீட்டுப் பேச்சு மட்டும் ஜெர்மனில் நடக்கிறது என்றால், அந்தப் பெற்றோரின் சொந்த நாட்டிலிருந்து ஓபேர் வரக் கூடாது. மொழி கற்கத்தானே வருகிறீர்கள், அங்கே போயும் தாய்மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தால் எதற்கு என்று கேட்கிறார்கள். சித்திக்கு உதவி வேண்டுமென்றால் சில வாரம் விருந்தாளியாகப் போய்வாருங்கள். அதை வேலை என்று ஆக்காதீர்கள்.

மாலைவெயில்

வெண்மேகம், ஜெர்மனி கைநழுவினாலும் கதவு மூடிவிடாது. நான் இப்போது பிரான்சில் இருக்கிறேன். இங்கே 30 வயது வரை வரலாம். 2019லிருந்து "இளம் ஓபேர்" என்றே தனியாக நீண்டகால விசா இருக்கிறது. வாரத்துக்கு 25 மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை, கைச்செலவுக்கு மாதம் குறைந்தது 320 யூரோ, வாரத்தில் ஒரு முழு நாள் விடுமுறை, ஒரு வருடம் முடிந்தால் இன்னும் ஒரு வருடம் நீட்டிக்கலாம். பிரெஞ்சு கொஞ்சமாவது தெரிய வேண்டும், இல்லையென்றால் உயர்நிலைப் பள்ளிப் படிப்போ தொழில் தகுதியோ இருக்க வேண்டும். வந்து மூன்று மாதத்துக்குள் விசாவை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். அதை மறந்துவிட்டு அல்லாடிய தோழி ஒருத்தி எனக்கு இருக்கிறாள்.

ஸ்வீடனும் 30 வரை எடுக்கிறது, ஆஸ்திரியா 28 வரை, அங்கே வாரத்துக்கு 18 மணி நேரம்தான். நெதர்லாந்து 25 வரை என்பதால் உங்களுக்கு ஆகாது. நார்வே பற்றி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2024 மார்ச் 15 முதல் ஓபேர் அனுமதியையே நிறுத்திவிட்டார்கள். பழைய பக்கங்களில் இன்னும் நார்வேயைப் புகழ்ந்து எழுதிவைத்திருக்கிறார்கள்.

வெண்மேகம்

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. ஹனோவர் குடும்பத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கனடாப் பெண்ணுக்கும் எனக்கும் விதி வேறு என்று அந்த அம்மாவுக்கு நிஜமாகவே தெரியாது. காத்திருக்கிறோம் என்றார்கள்.

இப்போது என் பயம் வயது. விசா கைக்கு வரும்போது எனக்கு 27 ஆகிவிட்டால்?

கோப்புக்காரர்

விண்ணப்பம் கொடுக்கும் நாளில் 27 முடிந்திருக்கக் கூடாது. விசா வருகிற நாளை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் விண்ணப்பத்தோடு ஏ1 நிலை, அதாவது தொடக்க நிலை, ஜெர்மன் சான்றிதழ் இருக்க வேண்டும். இருப்பது ஐந்து மாதம், அதனால் இரண்டு காரியத்தையும் ஒரே சமயத்தில் தொடங்குங்கள். நாளைக்கே வகுப்பில் சேருங்கள், தேர்வுத் தேதியைப் பதியுங்கள், தேர்வுக்கு இரண்டு மூன்று வாரம் தள்ளித் தூதரகத்தில் நேரம் எடுத்துவையுங்கள். படித்து முடித்த பிறகு நேரம் கேட்கலாம் என்று இருந்தால் பிறந்தநாள் முந்திக்கொள்ளும்.

ஒப்பந்தத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்து இருக்கட்டும். வேலை நேரம், கைச்செலவு, விடுமுறை, காப்பீடு எல்லாம் அதில் எழுத்தில் வர வேண்டும். தூதரகம் அதைப் பார்க்கும், ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையும் பார்த்துச் சம்மதம் தர வேண்டும்.

கடல்தாண்டி

ஒரு சின்ன விஷயம் வெண்மேகம். சான்றிதழ் இருந்தாலும் தூதரகத்தில் ஜெர்மனில் இரண்டு கேள்வி கேட்பார்கள். என்னிடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் குழந்தைகளின் பெயரையும் வயதையும் கேட்டார். பதற்றத்தில் பையனுக்கு ஐந்து என்பதற்குப் பதில் ஐம்பது என்று சொல்லிவிட்டேன். அவர் காத்திருந்தார், திருத்திச் சொன்னேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். தப்பு வந்தால் பயப்படாதீர்கள், திருத்திச் சொல்லுங்கள். அந்தக் குடும்பத்தோடு வாரம் ஒருமுறையாவது ஜெர்மனிலேயே பேசிப் பழகுங்கள்.

வெண்மேகம்

நான்கு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, இந்த இழையைத் தேடி எடுத்து வந்திருக்கிறேன். ஏ1 தேறிவிட்டேன். பிறந்தநாளுக்கு 19 நாள் இருக்கும்போது விண்ணப்பம் கொடுத்தேன். அந்தப் பையனின் பெயரைத்தான் முதலில் கேட்டார்கள் அக்கா.

செம்பருத்தி24

இதைப் படித்ததும் எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது. காப்பீட்டு அட்டை எண்ணை மட்டும் போன அன்றே குடும்பத்திடம் கேட்டு வாங்கி, போனிலும் தாளிலும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். எனக்காக.

வெண்மேகம்

விசா வந்துவிட்டது! பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். அடுத்த மாதம் கிளம்புகிறேன். ஆனால் அதில் மூன்று மாதம்தான் போட்டிருக்கிறது, ஒரு வருடம் இல்லையே? பயமாக இருக்கிறது.

கோப்புக்காரர்

பயப்படாதீர்கள், அது நுழைவதற்கான விசா. போய் இரண்டு வாரத்துக்குள் முகவரியை நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும், வீட்டு உரிமையாளரின் உறுதித் தாள் அதற்கு வேண்டும், குடும்பத்திடம் இப்போதே கேட்டு வையுங்கள். பிறகு அந்த மூன்று மாதம் முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பிட அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அங்கேயும் நேரம் கிடைக்க நாள் ஆகும், போன முதல் வாரத்திலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். முடித்துவிட்டு அங்கேயே தன்னார்வச் சேவையோ தொழிற்பயிற்சியோ செய்ய நினைத்தால், ஓபேர் அனுமதி தீருவதற்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கடல்தாண்டி

வெண்மேகம், ஒப்பந்தத்தின் நகல், காப்பீட்டுத் தாள், குடும்பத்தின் முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் கைப்பையில் வை, பெட்டியில் போட்டுவிடாதே. எல்லையில் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறவர் எங்கே தங்கப்போகிறாய் என்று கேட்பார், அப்போது பெட்டி உன்னிடம் இருக்காது. கோடு போட்ட நோட்டு ஒன்றும் வாங்கிக்கொள்.